தண்டப் பற்றுச்சீட்டு

இரணைமடு வான்கதவு திறந்த கிழமை.
பரந்தனில் எங்கள் பள்ளிக்கூடம்:
இங்கால லண்டன் சிலபஸ்,
அங்கால நாட்டுப் பாடத்திட்டம்,
நடுவில் ஒரு பிளைவூட்,
நிலத்துக்கு நாலு விரல் மேலே.

தமிழ்ச் சொல் ஒன்றுக்கு இருபது ரூபாய்.
பற்றுச்சீட்டு எழுதுவது நான்.
ஆறாம் வகுப்பு நிதுர்சனாவிடம்தான் கூட வசூல்;
கோபம் வந்தால் அவளுக்கு இங்கிலீஷ் வராது.

மிஸ் தேம்ஸ் நதிக்குக் கிளையாறு வரைந்துகொண்டிருக்க
யன்னலால் இறங்கியது புடையன்.
பாம்பு!
காலைத் தூக்குங்கோ!
மிஸ், உங்கட சீலைக்குக் கிட்ட!
பலகைக்குக் கீழால் வழுகி
லண்டனிலிருந்து நாட்டுக்கு வந்துவிட்டது,
விசா கேட்க ஆளில்லை.
அங்காலயும் அதே கூச்சல், அதே சொற்கள்.

கொழும்பிலிருந்து வந்த அதிபர்
கதிரையில் ஏறி
வற்றாப்பளை அம்மாளாச்சியைக் கூப்பிட்டார்.

காவலாளி சாக்கில் பிடித்து
வயல் வெள்ளத்தில் விட்டுவிட்டுக் கை கழுவினார்.

பின்னேரம் கணக்குக்குக் குந்தினேன்.
எழுபத்திரண்டு பிள்ளைகள்.
ஆளுக்கு எத்தனை சொல்?
அம்மன் பெயருக்கும் தண்டமோ,
விதியில் இல்லை.

கதவடியில் நிதுர்சனா,
நனைந்த நூறு ரூபாய்த் தாளை நீட்டி:
"நாளைக்கும் சேர்த்து எழுதுங்கோ, சேர்."