நான்கு கொக்கிகள்

போர்ட் டால்பட்டில் உலை அணைந்த பிறகு வந்த குளிர்காலம்.
பள்ளி வேனின் பின்பக்கம்
சக்கர நாற்காலியைத் தரையோடு பூட்டும்
நான்கு கொக்கிகள்
திங்கள்கிழமையிலிருந்து வாய் திறந்தே கிடக்கின்றன.

மாக்ஸனுக்குப் பதினேழு வயது.
சொற்கள் அவனுக்குக் கண்ணில் இருக்கின்றன.
திரையில் ஒரு கட்டத்தை உற்றுப் பார்த்தால்
இயந்திரம் அதைச் சொல்லும்,
யாரோ ஒரு லண்டன் பையனின் குரலில்.
அறுபத்துநான்கு கட்டங்கள்.
ஜூஸ். வலிக்கிறது. பாட்டு. வேண்டாம்.
இன்னும். முடிந்தது.
ட்யூடர் என்றும் ஒன்று உண்டு, பல் தெரியச் சிரிக்கும் படம்.

நான் ஹெலெத், ஆற்றுப்படுத்துநர்.
பேசுகிறவர்களுக்காகப் படித்தவள்.
"உன் சொற்களில் சொல்லேன்" என்று
கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை அவன் சொன்னான்:
இன்னும். ட்யூடர்.
லண்டன் குரலுக்கு ஏக்கம் தெரியாது,
இன்னும் கஸ்டர்ட் என்பதைப் போலவே சொன்னது.
இன்னும் ட்யூடர். இன்னும் ட்யூடர்.
நாற்பது நிமிடம்.

முடிந்தது என்பதைக் காட்டுங்களேன் என்றார்கள்.
கூடாது என்றேன்.
மதியச் சாப்பாடு முடியும், நாளை வரும்.
நீச்சல் முடியும், வியாழன் வரும்.
அந்தச் சொல்லுக்குள் எப்போதும்
ஒரு திரும்பி வருதல் ஒளிந்திருக்கிறது.
தூங்கிவிட்டான் என்றால் இவன் தூங்க மாட்டான்.

ஆகவே அறுபத்தைந்தாவது கட்டம்.
கடவுளிடம் போனான் என்று அடித்து, அழித்து,
சாவு என்று வைத்தேன்.
இரண்டே எழுத்து.
தலைமையாசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

மென்பொருள் தந்த படங்கள்: வாடிய பூ, சிலுவை, மேகம்.
மாக்ஸனின் கண் ஒவ்வொன்றிலும் வழுக்கி
ஜன்னலில் போய் நின்றது.
வெளியே, மழையில், வேன்.

குடை எடுக்காமல் போய்ப் படம்பிடித்தேன்.
தரை, துரு, நான்கு கொக்கிகள்,
நடுவில் யாரும் ஏறாத சதுரம்.
அதைப் பார்த்தான்
திரை தானாக மங்கி அணைகிற வரை.

மூன்று நாள் எல்லோரிடமும் சொன்னான்.
ட்யூடர். சாவு.
பிசியோதெரபிஸ்டிடம். வேன் ஓட்டுநரிடம்.
தபால்காரரிடம் இரண்டு முறை.
சமையலறை ஐர்லிஸ் கரண்டியைக் கீழே வைத்து
"ஆமாம் கண்ணு" என்றாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.
அவள் எங்கே படித்தாளோ.

நான் என்ன செய்தேன்?
பக்கத்தில் உட்கார்ந்தேன். எச்சில் துடைத்தேன்.
சூடு ஆறட்டும் என்று இருந்தேன், ஆறவில்லை.
ஒருமுறை அழுதுவிட்டேன்.
வலிக்கிறது என்றது இயந்திரம்.
கேள்வியா, பதிலா,
எனக்கா, அவனுக்கா,
குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நேற்று ஜூஸ் தீர்ந்தது.
ஸ்ட்ரா வெறுங்காற்றை உறிஞ்சியது.
அவன் கண் சாவுக்குப் போனது. நின்றது.
நான் வாய் திறக்கவில்லை.
மெல்ல இரண்டு வரிசை மேலேறி
முடிந்தது என்றான்.
பிறகு, இன்னும்.

குளிர்பெட்டியில் இன்னொன்று இருந்தது.