இரும்பு மாத்திரை

குஷிரோவில் டிசம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
விடுதியில் விளக்குப் போடும்போதுதான் அவன் விழிப்பான்.

எனக்கு ஈரல் பிடிக்காது.
ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு தட்டு.
"என்ன சிகுசா, திடீரென்று?"
மாஹோ சிரிக்கிறாள்.

நர்ஸ் கண்ணிமையை இழுத்துப் பார்த்து
மறுபடி இரும்பு மாத்திரை எழுதுகிறார்.
வளர்கிற வயது, என்கிறார்.

வளராதவன்
துணி உலர்த்தும் அறையில் நிற்கிறான்.
தொகுஜி. பழங்காலப் பெயர்.
நூற்றுப் பதினோரு வருடமாய் அதே சீருடை;
இரண்டாவது பித்தான் மட்டும் நான் தைத்தது.

அன்று ஊசி குத்தி விரலில் ரத்தம் துளிர்த்தபோது
முகத்தைத் திருப்பிக்கொண்டு
பிளாஸ்திரி நீட்டினானே,
அப்போதே விழுந்தேன்.

இன்று கழுத்துவரை குனிந்தவன்
"ஈரல் வாடை" என்கிறான்.

பல் தேய்த்துவிட்டு வருகிறேன், இரு.
அவனுக்கென்ன, காலமா இல்லை?
எனக்குத்தான்
மார்ச்சோடு பள்ளி முடிகிறது.