வாலுள்ள எழுத்து

க்டினியா துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி
எங்கள் அச்சகம்.
ஹெர்ரிங் மீன் டப்பாவுக்கு லேபிள்,
கப்பல் கம்பெனிக்கு மூன்று படி ரசீது,
செத்தவர்களுக்குச் சுவரொட்டி.
நான் ஆஃப்செட்டில் நிற்பவன்.
எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவதென்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தப் பிப்ரவரியில் வங்கிக் கடன் வந்தது.
ஒரு மேக் வாங்கலாம்.
அல்லது அதே காசில்
இரண்டு விண்டோஸ் பெட்டி, ஒரு ஸ்கேனர்,
மிச்சத்தில் ஒரு மாத நிலக்கரி.

ஹல்ஷ்கா மேக் கட்சி.
"அதில் நிறம் பொய் சொல்லாது" என்பாள்.
கணக்கெழுதும் அவள் அண்ணன் ஸ்வாவெக்,
"வாடிக்கையாளர் கொண்டுவரும் டிஸ்க்கெல்லாம் விண்டோஸ்.
உன் மேக் அதைப் பார்த்து முறைக்கும், அவ்வளவுதான்" என்பான்.
பீட்ரூட் சூப் ஆறும்வரை
மெகாஹெர்ட்ஸ் பேசுவார்கள்.

எனக்குத் தெரிந்த நீலம் தகர டப்பாவில் வருவது.
மூடியைத் திறந்தால் மேலே தோல் படிந்திருக்கும்.
கத்தியால் வழித்தெறிந்துவிட்டு
உருளையில் தடவ வேண்டும்.
திரையில் தெரியும் நீலத்துக்குத்
தோல் படிவதில்லை.
அதை நான் எப்படி நம்புவது?

பரீட்சைக்கென்று வாரம் ஒன்று
இரண்டையும் இரவல் தந்தார்கள் கடைக்காரர்கள்.
ஒரே மேசையில், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி,
பேச்சு நின்றுபோன தம்பதிபோல.

வெள்ளி மாலை ஒரு சாவு வேலை வந்தது.
ஹல்ஷ்கா மேக்கில் கோத்தாள்.
ஸ்வாவெக் விண்டோஸ் வழியாக ஃபிலிமுக்கு அனுப்பினான்.
நான் பிளேட்டை மாட்டி எழுபத்தைந்து தாள் ஓட்டினேன்.
நான் எழுத்தைப் படிப்பதில்லை,
கறுப்பு சீராக விழுகிறதா என்றுதான் பார்ப்பேன்.

சனி காலை பத்து மணிக்கு
நனைந்த கம்பளிக் கோட்டோடு வந்தார்
திருமதி ஜெனோவேஃபா வொன்ட்ஸ்கா.
தாளைப் பார்த்தார். கத்தவில்லை.
"இது யார்?" என்று கேட்டார்.

இடுப்பில் கோடு விழுந்த ஓர் எழுத்து,
காலடியில் வால் தொங்கும் ஓர் எழுத்து,
இரண்டும் காணோம். இரண்டு வெற்றுக் கட்டம்.
வொன்ட்ஸ்கி என்ற மனிதர்
ட்ஸ்கி என்று மிஞ்சியிருந்தார்.

"உன் மேக்."
"உன் விண்டோஸ்."
போய்ப் பார்த்தோம்.
இரண்டு திரையிலும் பெயர் முழுசாகவே இருந்தது.
தொலைந்தது நடுவழியில் எங்கேயோ.

பன்னிரண்டுக்கு அடக்கம்.
புது ஃபிலிமுக்கு நேரமில்லை.
ஸ்வாவெக்கின் மேசையிலிருந்து
கணக்குப் பேனாக்களை எடுத்துப் பரப்பினார் அந்த அம்மாள்.
நான்கு பேர் உட்கார்ந்தோம்.
ஹல்ஷ்காவின் வால் அளந்து வெட்டியதுபோல.
ஸ்வாவெக்கினுடையது கழித்தல் குறி.
என்னுடையது தூண்டில் முள்.
அந்த அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்:
"அவ்வளவு நீளம் வேண்டாம்.
அவர் குட்டையாகத்தான் போடுவார்."

மதியம் மழை.
வேலை முடிந்து திரும்பும்போது
மீன் சந்தைச் சுவரில் பார்த்தேன்.
என் கறுப்பு அசையவில்லை.
கையால் போட்ட இரண்டு எழுத்து மட்டும்
நீலமாக வழிந்து
சாவுத் தேதிவரை இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை ஸ்வாவெக் சொன்னான்,
"சரி, மேக்கே வாங்குவோம்."
"வேண்டாம், விண்டோஸ் போதும்" என்றாள் ஹல்ஷ்கா.
ஆளுக்கொரு கட்சி மாறி
அதே சண்டை, அதே சூப்.

பிறகு இருவரும் ஒருசேரத் திரும்பி
முதல்முறையாக என்னைக் கேட்டார்கள்.
கையில் சயான் டப்பா.
"இந்தத் தோலை வழித்துவிட்டு வருகிறேன்" என்றேன்.