அடியில் கிடக்கும் பழம்

எல் ஆல்டோவில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
ஆனால் எதுவும் சீக்கிரம் வேகாது.
மலையின் உயரம் அப்படி.
இரவெல்லாம் ஊறிய காய்ந்த பீச் பழத்தை
பட்டையும் வெல்லமும் போட்டு
மூன்று மணிக்கே அடுப்பில் ஏற்றினால்தான்
ஏழு மணி மினிபஸ் கூட்டத்துக்கு
என் மொக்கோச்சிஞ்சி தயாராகும்.

கிளாஸுக்கு ஒரு பழம்.
எவாரிஸ்டா சோக்கே அதில் கைவைத்ததில்லை,
தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனால் கிளாஸில் யார் குடித்தார்கள்?
"பையில ஊத்துங்க, வண்டி கிளம்புது."
ஒரு பை, ஒரு உறிஞ்சுகுழல், ஒரு முடிச்சு.
சில்லறை எண்ணிக்கொண்டே போடுவேன் முடிச்சு,
தும்மிக்கொண்டே போடுவேன்.
மகன் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான் என்று
யாரோ வந்து சொன்ன காலையிலும்
விரல்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

குழல் வழியாகப் பழம் ஏறாது.
இந்தச் சின்ன விஷயம்
எனக்குத் தெரியப் பதினோரு வருடம் ஆனது.

ஒரு ஞாயிறு, விமான நிலைய வேலியோரம்
நாய் ஒன்று பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
என் முடிச்சு. எனக்குத் தெரியாதா?
உள்ளே
மூன்று மணிக்கு எழுந்து நான் வேகவைத்த பழம்.
அதற்கப்பால் வேலி முழுக்க,
கண்ணுக்கெட்டிய மட்டும் வேலி முழுக்க,
முடிச்சுகள்.

பிளாஸ்டிக் பூமிக்குக் கேடு என்று
நகராட்சிப் பெண் காகிதம் கொடுத்தபோது
தலையாட்டிவிட்டு அதில் பட்டையைப் பொதிந்து வைத்தவள் நான்.
பூமி பெரிசு, எனக்கு எட்டவில்லை.
பழம் உள்ளங்கை அளவு. எட்டியது.

எட்டி என்ன? திங்கட்கிழமை மறுபடி பைதான்.
வண்டி கிளம்புகிறதே.

பிறகு மறியல் வந்தது.
ஒருரோ சாலையில் கல், டயர், புகை.
பைகள் ஏதோ ஒரு லாரிக்குள் ஆறு நாள் தூங்கின.
வண்டி ஓடவில்லை, ஆட்கள் நடந்தார்கள்.
நடக்கிறவனுக்கு நிற்க நேரம் உண்டு.
என்னிடம் இருந்தது ஒன்பது கிளாஸ், இரண்டு வாளி.
கழுவிக் கழுவி
குளிரில் என் கை பீட்ரூட் நிறமானது.

வங்கிக் காவலாளி தெயோஃபிலோ,
நாலு வருடமாகத் தினமும் வாங்குகிறவர்,
கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"இதுல பழம் இருக்குதா?"
ஸ்பூன் கொடுத்தேன்.
துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு
கொட்டை வரை சப்பிச் சாப்பிட்டார்,
பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

ஏழாம் நாள் சாலை திறந்தது. பைகளும் வந்தன.
பைக்கு அரைக் காசு கூட என்று எழுதி வைத்தேன்.
எதிர்ப்பக்கம் கேசியா பையைச் சும்மா தருகிறாள்,
என் கூட்டத்தில் பாதி அங்கே போனது.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்,
அவளுக்கு மூன்று பிள்ளைகள்.
அந்த மாதம் அடுப்பு எரிவாயுவுக்குக் கடன் வாங்கினேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் டெல்ஃபின் இருக்கிறானே,
வண்டிக் கதவில் தொங்கியபடி
"செஹா, செஹா" என்று கத்துகிறவன்,
ஒரு நாள் தகரக் குவளையை நீட்டினான்.
"இதுல ஊத்துங்க, பழத்தோட."
குடித்து முடித்ததும்
ஓட்டுநர் கண்ணாடியில் கயிறு கட்டி மாட்டிவிடுவான்.
வளைவுக்கு வளைவு அது மணியடிக்கும்.
இப்போது அந்த வரிசையில்
நாலு வண்டிகள் மணியடிக்கின்றன.
நாலுதான். கூட்டிச் சொல்ல எனக்கு வராது.

வாரத்துக்கு மூன்று கட்டுப் பை வாங்கியவள்
ஒன்றரை வாங்குகிறேன்.
மீதி ஒன்றரையின் முடிச்சை
இப்போது பார்த்துப் போடுகிறேன்.
விரல் தடுமாறுகிறது.

வேலியில் பழைய பைகள் அப்படியேதான் இருக்கின்றன.
மலைக்காற்று அடிக்கும்போது ஒவ்வொன்றும் உப்பும்,
குழல் இன்னும் செருகியபடி.
யாரோ குடிக்க வருவார்கள் என்று
நிறைந்து நிற்பதுபோல.