கழிக்குமோ

முட்ட கழிக்குமோ என்று கேட்டாள்
நர்ஸ் ஜின்சி.
கொல்லத்து ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
செங்கோட்டைக்காரி நான்
ஒரு நொடி விழித்தேன்.
எங்கள் பக்கம் கழிப்பது என்றால்
கணக்கில் குறைப்பது,
வேண்டாததைத் தள்ளுவது.
அவர்கள் பக்கம் சாப்பிடுவது.
நடுவில் ஒரு மலை,
பதிமூன்று கண் பாலம், ஒரு குகை.

சாப்பிடுவேன், அலர்ஜி இல்லை என்றேன்.
முட்டைச் சத்தும் சோயா எண்ணெயும் கலந்த ஒன்று
தேங்காய்ப்பாலின் முதல் பிழிவு நிறத்தில்
கைநரம்பில் இறங்கத் தொடங்கியது.

டாக்டர் லீனா குரியாக்கோஸ் எதையும் மறைக்கவில்லை.
ஹெபாரின் ஊசிக்குக் காரணம்
உன் ரத்த ரிப்போர்ட்டில் இருக்கிறது,
இந்தப் பாலுக்கு இல்லை.
பலன் உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள்.
ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.
வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

வேண்டும் என்றேன்.
இரண்டு முறை வெறுங்கையோடு ரயிலேறியவளிடம்
ஆய்வு போய் என்ன பேசும்.

இசக்கிதுரை, என் வீட்டுக்காரர்,
புளியரை செக்போஸ்டில் கால்நடைத் துறை ஆள்.
முதுகில் மருந்து டேங்க், கையில் குழல்.
ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் சாகின்றன என்று
செய்தி வந்த நாளிலிருந்து
அங்கிருந்து வரும் முட்டை லாரி எல்லாம்
வந்த வழியே திரும்புகிறது.
நல்ல முட்டை சார், நேத்து இட்டது சார்
என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள்.
நல்லதாகவும் இருக்கலாம்
என்பார் ராத்திரி, சோற்றைப் பிசைந்தபடி.
யார் கண்டது. உத்தரவு.

என் ரத்தத்துக்கும் ஏதோ உத்தரவு.
ஏழாம் வாரம் ஒன்றைத் திருப்பியது.
ஒன்பதாம் வாரம் ஒன்றை.
அதற்கு நாங்கள் துடிப்பு கேட்டிருந்தோம்.
எதிரி என்று எதை எண்ணியதோ,
சின்னச் சின்னக் கட்டியாய் உறைந்து
வழியை அடைத்துக்கொண்டது.
சில நாள் அதைத் திட்டுவேன்.
சில நாள், பாவம்,
தூங்காமல் வேலை பார்க்கிறதே என்றிருக்கும்.

தொப்புளைச் சுற்றி நாவற்பழக் கறை.
தினம் ஓர் ஊசி.
எத்தனையோ மாட்டுக்குப் போட்ட கை
எனக்குப் போடும்போது மட்டும் நடுங்கும்.
ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பி
இரவு இரண்டு மணிக்குப் பசித்து
பழைய சோற்றை நின்றபடி தின்று
பாத்திரம் விளக்கிக் கவிழ்ப்பேன்.
பக்கத்து வீட்டு ஜமீலா
விசேஷமா என்று கேட்கிறாள், என் கன்னத்தைப் பார்த்து.

அடுத்த வாரம் வைத்தார்கள்.
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி
இருட்டுக்குள் போய் நின்றது.
கண்டோ, என்றாள் ஜின்சி.
கண்டேன் என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
மலை தேவைப்படவில்லை.

திரும்பும் ரயிலில் எதிர் சீட்டுப் பையன் தும்மினான்.
மாஸ்க்கை மூக்குவரை இழுத்தேன்.
காவலைத் தூங்க வைத்திருக்கிறார்கள் உள்ளே.
யாரும் வரலாம் இப்போது,
தும்மலும் வரலாம்.
ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் வண்டி நுழைய
வயிற்றில் கை வைக்கப் போய்
வைக்காமல் எடுத்துக்கொண்டேன்.

பதினாலு நாள்.
பறவைகளுக்கு நடுவே நின்று வருகிற மனிதர்
வீட்டுக்குள் வருவதில்லை.
வாசல் குழாயில் குளித்து
பைக் ஷெட்டில் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.
ஊசியை நானே போடப் பழகிவிட்டேன்.
மருந்து மெதுவாக இறங்க வேண்டும்,
பத்து எண்ணும்வரை.
ஜன்னலுக்கு வெளியே நின்று
அவர் எண்ணுவார்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
ஒன்று, ரெண்டு, மூணு.
ஏழுக்கு வந்தபோது
கொல்லம் ரோட்டில் ஒரு லாரி
நீளமாய் ஹாரன் அடித்தது.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று அவருக்கு.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினார்.
மருந்து தீர்ந்திருந்தது.
ஊசியை எடுக்காமல்
கேட்டுக்கொண்டிருந்தேன்.