ஹேவிளம்பி

தந்தியில் வந்த பெயர் ஹிர்விலம்பி.
ஓஸ்மோ ஹிர்விலம்பி, பின்லாந்து, முன்னாள் வெளியுறவு மந்திரி,
கோவையிலிருந்து பாலக்காடு, வழியில் தொந்தரவு கூடாது.
கண்காணிப்பாளர் சாமியப்பன்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"ஆள் வர்றானா, வருஷம் பொறக்குதா?"

வாளையாற்றில் அன்று பந்த்.
கந்தேகவுண்டன்சாவடி தாண்டியும் லாரிகள்.
ஆடிக் காற்று கணவாயில் புகுந்து
தார்ப்பாய்களை அடித்துக்கொண்டிருந்தது.
உடுமலைத் தக்காளிக்கும் தூத்துக்குடி உப்புக்கும் நடுவே
மந்திரியின் காரும் நின்றது.

இறங்கினார். ஆறடிக்கு மேல்.
இளநிலை உதவியாளன் என்னிடம்
எல்லை எங்கே என்றார்.
எல்லோரும் கேட்பதுதான். மூங்கிலைக் காட்டினேன்.
"உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்?"
"எல்லை. நூறடி தள்ளிப் போனால் அதிர்த்தி."
சிகரெட் அட்டையைக் கிழித்துத் தன் சொல்லை எழுதினார்.
எழுத்தில் ராஜா, வாயில் ராயா.
டிரைவர் மாரண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"சரியாத்தான் வெச்சிருக்காங்க.
இங்கயும் இவரு வெச்சதுதான சட்டம்"
என்று என்னைக் காட்டினான்.
மொழிபெயர்க்க மனசில்லை.
மொழிபெயர்த்தேன்.

நடுராத்திரிக்கு மேல் சண்டை.
ரசீதில் நாற்பது பெட்டி, வண்டியில் நாற்பத்தொன்பது.
அந்தப் பக்கத்து உம்மர் பேனாவை மூட மாட்டேன் என்கிறார்,
மாரண்ணன் தாயை இழுக்கிறான்.
மந்திரி ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்தார்.
யார் பக்கம் நியாயம் என்று கேட்கவேயில்லை.
உம்மரிடம், எப்போது சாப்பிட்டீர்கள்.
மாரண்ணனிடம், தக்காளிக்கு யார் காத்திருக்கிறார்கள்.
பிறகு சும்மா இருந்தார்,
மூன்று டீ, ஒரு மணி நேரம்.
இரண்டு பேரும் பேசிக் களைக்கும்வரை
தான் களைக்காமல் இருப்பதுதான்
அந்த மனிதரின் உத்தியோகம் என்று
எனக்கு அப்போது தெரியாது.
நாற்பத்தைந்து என்று எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டார்கள்.
அதற்குள் கீழ்த்தட்டுப் பெட்டிகள்
சாலையில் ஒழுக ஆரம்பித்திருந்தன.

விடிந்ததும் ஒரு ஆசை சொன்னார்:
மூங்கிலைத் தானே தூக்க வேண்டுமாம்.
விதியில் இடமில்லை. சாமியப்பன் வேப்பங்குச்சியோடு
கொல்லைப்பக்கம் போயிருந்தார். விட்டேன்.
ஒற்றைக் கையில் எழும்பி நின்றது.
"இவ்வளவு லேசா?"
"மறுமுனையில் கல் கட்டியிருக்கிறோம் சார்."
அதையும் அட்டையில் எழுதிக்கொண்டு போனார்.

பத்திரிகையில் ஒன்பதாம் பக்கம், இரண்டு அங்குலம்.
ஆறு வயதில் அவர் ஊர் உடன்படிக்கையில் அடுத்த நாட்டுக்குப் போனது;
அம்மா கடைசியாகப் பசுவைக் கறந்துவிட்டு
கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.
ஐந்து முறை நாடாளுமன்றம்.
விவசாய மந்திரி; வெண்ணெய் விலையில் ஆட்சி கவிழ்ந்தது.
வெளியுறவு. பிறகு ஜனாதிபதிக்கு நின்று தோற்றார்.
அதன்பின் ஊரார் சண்டைகள்தான்,
ஏரிக்கரை ஓட்டல்களில், வட்ட மேசையில்.
ஒரு யுத்தம் அவர் பேனாவில் முடிந்தது.
இன்னொன்று வெள்ளியன்று கையெழுத்தாகி
ஞாயிறன்று மறுபடி மூண்டது.
அந்த ஞாயிறுக்கு நிருபர் ஒரு வரிதான் கொடுத்திருந்தார்.
அந்த ராத்திரி அவர் எந்த டயர்மேல் உட்கார்ந்திருந்தாரோ.

படித்த அன்று பஞ்சாங்கம் பார்த்தேன்.
ஹேவிளம்பி வருஷம், ஆடி பதினொன்று.
ஆனி மாசம்தான் புது வரி வந்து
எங்கள் சாவடியை எடுத்திருந்தார்கள்.
பஸ் ஏறிப் போனேன்.
மூங்கிலை யாரோ பந்தலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.
லாரிகள் நிற்காமல் போயின, ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.
கல் மட்டும் கிடந்தது, கம்பித் தழும்போடு.
தூக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.