கட்டிங்

கம்பி வலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை.
பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை
அதன் வழியாகத்தான் எனக்கு மதுரை.

சிமெண்டில் வெடித்த கை,
மருதாணி அழியாத புதுமாப்பிள்ளைக் கை,
நோட்டை நாலாய் மடித்து வியர்வையோடு நீட்டும் கை.
மீதியை எண்ணாமல் வாங்கினால்
அது ஏற்கெனவே வேறெங்கோ குடித்துவிட்டு வந்த கை.

நான் வரலாறு முதுகலை.
லேபிளிலும் வரலாறு உண்டு:
பிராந்தி என்று பெயர், திராட்சையின் முகத்தையே பார்த்ததில்லை.
சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் ஆலையில் மிஞ்சும் கரும்பாகு
புளித்து, கொதித்து, ஆவியாகி, நிறமற்று இறங்கும்.
பிறகு கருக்கிய சர்க்கரை கலந்து
பீப்பாயில் பன்னிரண்டு வருடம் தூங்கி எழுந்ததுபோல்
நிறம் ஏற்றுவார்கள்.
கேட்டால் சொல்வேன்.
"கூலிங் இருக்கா" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஏழு மணிக்கு இரண்டு கைகள்.
ஒன்று மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை பிரிக்கிற கை,
கழுவினாலும் மல்லிகை போகாது.
மற்றதன் நகக்கண்ணில் பெயிண்ட்,
வாரத்துக்கு வாரம் ஒரு வீட்டின் நிறம்.
முதல் நாள் பெயிண்ட் கேட்டது:
"கட்டிங் போடுறீங்களாண்ணே?"
பாதிப் பணம் அது, பாதிப் பணம் இது.
அப்புறம் நாலு வருடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ச்சுவரில் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு விளிம்பு.
இரண்டு டம்ளர், ஒரு குவார்ட்டர்.
ஊற்றுகிறவன் முதலில் எடுக்கக் கூடாது.
யார் போட்ட சட்டமோ,
போலீஸ்காரரே மீறி நான் பார்த்ததில்லை.
பெயிண்டர் குனிந்து, ஒரு கண்ணை மூடி
இரண்டு மட்டத்தையும் பார்ப்பார்,
சுவரில் நூல் பிடிக்கிற மாதிரி.
பிறகு தண்ணீர், உப்பு மாங்காய்,
வைகையில் தண்ணி விட்ட சேதி.
கால்மணி நேரம். பெயர் இல்லை, ஊர் இல்லை.
"வரேண்ணே."
"வாங்கண்ணே."

படிப்பு முடிந்த கோடையில்
சிலைமானுக்குக் கிழக்கே தினக்கூலிக்குக் குழி தோண்டினேன்.
ஆறடியில் அகப்பட்டது ஒரு யவன ஜாடியின் காது.
கடல் தாண்டித் தேறல் வந்த ஜாடி என்றார்கள்.
உள்பக்கம் வழுவழுப்பு, என் நாலு விரலும் பொருந்தின.
ஊற்றியவனும் வாங்கியவனும்
பெயர் சொல்லிக்கொண்டார்களா என்று ஓட்டில் இல்லை.

போன ஆவணியில் மல்லிகைக் கை
ரூபாயோடு ஒரு பத்திரிகையையும் நீட்டியது.
நாலு மூலையிலும் மஞ்சள்.
"பொண்ணுக்குக் கல்யாணம். அவருக்குத்தான் வைக்கணும்.
கவர்ல எழுத... அவரு பேரு என்னண்ணே?"
எனக்குத் தெரியுமென்று நினைத்திருக்கிறார்.
பேனாவை மூடிக் கொடுத்தேன்.

வெற்றுக் கவர் கைமாறியது.
பெயிண்டர் குழல்விளக்குக்குக் கீழே பிரித்தார்.
மணமகள் மோனிஷா, பி.எஸ்சி., பி.எட்.
நூல் பிடிக்கிற அதே கண் வரிவரியாக இறங்கியது,
பெரியப்பாமார், தாய்மாமன்மார்,
ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வால்.
ஒரு வரியில் விரல் நின்றது.
அடியில், தங்கள் நல்வரவை நாடும் செவனாண்டி.
"வந்துருவேண்ணே" என்றார்.
அன்றைக்கு ஒரு டம்ளரில் மிச்சம் இருந்தது.
யாருடையது என்று இங்கிருந்து தெரியவில்லை.

முகூர்த்த நாளில் எங்களுக்குக் கூட்டம் அதிகம்.
கடை திறந்ததும் நுழைந்தது
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த ஒரு கை.
முழுக்கைச் சட்டை, வெள்ளை,
கட்டைவிரல் நகத்தில் மட்டும் துளி நீலம்.
குவார்ட்டரைத் திறக்காமல் இடுப்பில் செருகி
இடப்பக்கம் போனார்.
ஒத்தக்கடை மண்டபத்துக்கும் அந்தப் பக்கம்தான்.
மற்ற எல்லா ஊருக்கும் அந்தப் பக்கம்தான்.

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
மல்லிகைக் கையில் மஞ்சள் தாம்பூலப் பை.
பெயிண்ட் இந்த வாரம் பச்சை.
நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.
பழக்கதோஷத்தில் குவார்ட்டரை எடுத்துவிட்டேன்,
பணம் வரவில்லை.
பிறகு, யாரோ யாரையோ கேட்கிற குரலில்:
"கட்டிங் போடுறீங்களாண்ணே?"

கேட்டது மல்லிகை.
பின்னால் வரிசை நீள்கிறது.
பாட்டில் என் கையில்.